சைரன் பாட்டுக்கு ஒரு சாட்சி

அந்தக் கார் பட்டறையில் பெயிண்டருக்கு இரண்டு பெயர்கள். வேலை நேரத்தில் பெயிண்டர். டீ நேரத்தில் 'தீர்ப்பு'. எந்தப் பாட்டு உசத்தி என்று பேச்சு எழுந்தால் கடைசி வார்த்தை அவனுடையதாகத்தான் இருக்கும் என்பதால் வந்த பெயர் அது. பாட்டு என்றால் கேங்ஸ்டா ராப். அவன் இளவட்டமாக இருந்த காலத்தில் வந்த, துப்பாக்கியும் போலீஸ் வண்டியும் கெட்ட வார்த்தையுமாகப் பொரிந்து தள்ளுகிற ஆங்கிலப் பாட்டுகள்.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, லேசான கூன். பஸ்ஸில் யாராவது இவன் காலை மிதித்தால் இவன்தான் 'சாரி' சொல்வான். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் செருப்பை எடுப்பது மனைவி. இவன் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தகவல் கொடுப்பான்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்னென்னவோ வேலை பார்த்தவன். கடைசியில் பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு சிடி கடையில் சேர்ந்தான். அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆள் வராத மத்தியானங்களில் கடை முதலாளி தூங்கப் போய்விடுவார். இவன் அந்தப் பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பான். ஆங்கிலம் அரைகுறைதான். சிடி அட்டைக்குள் இருக்கும் வரிகளைப் படித்து, புரிந்ததைப் புரிந்துகொண்டு, புரியாததை ஊகித்துக்கொண்டான். தெருவில் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கிப் போகிறவனுக்கு, யாருக்கும் வழிவிடாத அந்தக் குரல்கள் காதுக்குள் இருந்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

சிடி வாங்க ஆளில்லாமல் போய்க் கடையை மூடியதும், மனைவியின் தம்பிதான் இந்தப் பட்டறைக்கு அழைத்து வந்தான். அவன் இங்கே எலக்ட்ரீஷியன். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை, அப்புறம் பட்டி பார்க்கிற வேலை, அப்புறம் கையில் ஸ்ப்ரே கன். வேலையில் குறை சொல்ல முடியாது. கதவு ஒரு நிறம், பம்பர் ஒரு நிறம் என்று அவன் அனுப்பிய வண்டி கிடையாது.

தகரக் கூரை போட்ட பெரிய ஷெட் அது. ஒரு பக்கம் டிங்கர் நசுங்கிய தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் திரை போட்ட பெயின்ட் அறை. பின்னால் ஒரு சின்ன அறையில் சீட் கவர் தைக்கிற மெஷின். டீ வந்ததும் எல்லாரும் டயர்மேலும் பெயின்ட் டப்பாமேலும் உட்கார்வார்கள். அங்கே அவர்கள் எத்தனையோ பாட்டைப் பற்றிப் பேசியிருந்தாலும், தீராத சண்டை இரண்டு பாட்டுக்கு நடுவில்தான்.

ஒன்றுக்கு சைரன் பாட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். போலீஸ் சைரனோடு ஆரம்பிக்கும். டப் டப்பென்று துப்பாக்கிச் சத்தம். யாரோ சிரிப்பான். அப்புறம் எதிரிகளை ஒவ்வொருவனாக இழுத்துப்போட்டுத் திட்டித் தீர்க்கும் ஒரு குரல். மற்றது படிக்கட்டுப் பாட்டு. மெதுவான பேஸ் கிட்டார். ஒருத்தன் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, முன்பு தன்கூட அதே படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவான். பேச்சு பாதியில் நின்றுவிடும்; இசை மட்டும் கொஞ்ச நேரம் ஓடும்.

பெயிண்டர் சைரன் பாட்டுக் கட்சி. டிங்கர் படிக்கட்டுக் கட்சி. மச்சான் அன்றைக்கு யார் தோற்கிறார்களோ அவர்கள் கட்சி.

"பாட்டு முழுக்க அவன் மூச்சு விடுற இடம் எதுன்னு ஒண்ணு காட்டு. நான் தொழிலை விட்டுடறேன்," என்பான் பெயிண்டர்.

"மூச்சு விடாம திட்டறதெல்லாம் ஒரு திறமையா? எங்க மாமியாரும்தான் திட்டறாங்க. அவங்களுக்கு ஒரு சிடி போட்டுடலாமா?" என்பான் டிங்கர்.

"பீட்டைக் கேளுய்யா, பீட்டை."

"பீட்டு நம்ம கம்ப்ரசர்கூடத்தான் போடுது. படிக்கட்டுப் பாட்டுல ஒரு மனுஷன் இருக்கான். உன் பாட்டுல வெறும் வாய்தான் இருக்கு."

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எது நிஜம் என்கிற இடத்தில் நிற்கும். எந்தப் பாட்டுக்காரன் பட்டதைப் பாடுகிறான், எவன் கதை விடுகிறான்? அந்த இடம் வந்துவிட்டால் பெயிண்டர் குரலைத் தாழ்த்துவான். டீ கிளாஸைக் கீழே வைப்பான். "ரத்தத்தைப் பார்த்தவன் நான். நிஜம் எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க," என்பான். அதோடு வழக்கு முடிந்துவிடும்.

அந்த ரத்தத்தின் கதை இதுதான். சிடி கடை இருந்த முனையில் ஒரு நாள் சாயங்காலம் இரண்டு கும்பல்களுக்குள் அடிதடி. வண்டி நிறுத்துகிற இடம் யாருக்கு என்கிற தகராறு. இரண்டு பக்கமும் சேராத ஒரு பையன், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன், நடுவில் மாட்டிக் கத்திக்குத்து வாங்கி ரோட்டில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. இவ்வளவும் உண்மை. பேப்பரிலும் வந்தது.

முதல் தடவை பெயிண்டர் பட்டறையில் இதைச் சொன்னபோது, "நான் வேலை பார்த்த கடை வாசல்லயே நடந்துச்சு," என்று மட்டும்தான் சொன்னான். அதுவும் உண்மை. இன்னொரு நாள் டிங்கர் வாதத்தில் நெருக்கிப் பிடித்தபோது, "நான் பார்த்தேன்யா," என்று வாயில் வந்துவிட்டது. அதற்கும் அடுத்த வருஷம் பையனின் தலை இவன் மடிக்கு வந்து சேர்ந்தது. பிறகு ஒரு நாள், தோற்கப் போகிறோம் என்று தெரிந்த நேரத்தில், பையன் பேசவும் ஆரம்பித்தான். "அண்ணா, அந்த சைரன் பாட்டைப் போடுங்க"—அவன் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான் என்று பெயிண்டர் சொன்னான். சொன்னபோது தனக்கே கண் கலங்கியதைப் பார்த்து, நடந்திருக்குமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

நடந்தது என்னவென்றால், அந்தச் சாயங்காலம் அவன் கடைப் பக்கமே போகவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் பந்து மாதிரி வீங்கி, மஃப்ளரைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான். புதிதாகக் கல்யாணமான மனைவி ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் கடை முதலாளி ஃபோனில் சொல்லித்தான் தெரியும். பையனைத் தெரியும் என்பது மட்டும் பொய்யில்லை. கேன் இறக்க வரும்போது கடைக்குள் எட்டிப் பார்த்து, நின்று பாட்டுக் கேட்பான். ஒரு தடவை இவனோடு வாதம்கூடச் செய்தான். அவன் படிக்கட்டுக் கட்சி. இவன் கதையில் அவனைக் கட்சி மாற்றிவிட்டான். செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

பின்னறையில் சீட் கவர் தைக்கப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். எல்லாரும் தையல் அக்கா என்று கூப்பிட்டார்கள். பெயிண்டர் மட்டும் மரியாதையாக 'சிஸ்டர்' என்பான். அவளுடைய மெஷின் போடுகிற சத்தத்தில் வெளியே என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்காது. டீயைக்கூட மெஷின் பக்கத்திலேயே வைத்துக் குடிப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் டீ நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு வெளியாள் ஒருவனும் இருந்தான். கதவு நசுங்கிய டாக்ஸியைக் கொண்டுவந்த டிரைவர். பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியதும் அவன் பட்டென்று, "சைரன் பாட்டா? அதெல்லாம் சின்னப் பசங்க கேக்கறது. படிக்கட்டுப் பாட்டுக்கு முன்னாடி அது நிக்குமா?" என்றான். டிங்கருக்கு ஒரே குஷி. எப்போதும் தோற்கிற பக்கம் நிற்கிற மச்சானும் அன்றைக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். பெயிண்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தினான். மடி, ரத்தம், கடைசி வார்த்தை எல்லாம் வரிசையாக வந்தன. டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"அது தண்ணி கேன் வண்டிப் பையனா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னறை வாசலில் தையல் அக்கா நின்றிருந்தாள். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது.

"ஆமா சிஸ்டர். உங்களுக்குத் தெரியுமா?"

"என் தம்பி."

அவள் நடந்து வந்து, பெயிண்டருக்கு எதிரே, தரையில், கிரீஸ் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மடியிலயா அண்ணா? நீங்க இருந்தீங்களா அவன்கூட?"

அந்த இடத்திலாவது அவன் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு 'இல்ல' போதும். டாக்ஸி டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான். டிங்கர் பார்த்துக்கொண்டிருந்தான். பெயிண்டர் தலையை ஆட்டினான்.

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்லம்மா. தூங்கற மாதிரிதான் இருந்தான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தமே வரவில்லை. எழுந்திருக்கும்போது, "நீங்க ஒரு தடவை எங்க அம்மாகிட்ட வந்து சொல்லணும் அண்ணா. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?" என்று கேட்டாள். அவன் அதற்கும் தலையை ஆட்டினான். இரக்கத்தில் சொன்ன பொய் அது என்று பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தான். சமாதானம் ஆகவில்லை. அந்த நேரத்தில் அவன் பயந்தது டிரைவர் முன்னால் மானம் போவதற்குத்தான். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமைதான் மனைவியிடம் வாயைத் திறந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருந்தீங்களே?"

"ஆமா."

"வாயே திறக்க முடியாம இருந்தீங்க."

"ஆமாங்கறேன்ல."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "போய் பொய்னு சொல்லிட்டு வாங்க."

"பாவம், அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்குமேன்னு பார்க்கறேன்."

"யாருக்கு?" என்றாள் மனைவி. ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

தையல் அக்காவின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். ஒரே அறையை பீரோவால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் அம்மா. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டாள். சுவரில் பையனுடைய படம். கடைக்குள் எட்டிப் பார்க்கிற அதே பார்வை.

"வாப்பா. இங்க வா. பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தான். அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்டை விரலால் தடவினாள். "இந்தக் கையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அந்தக் கைகளைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

பெயிண்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. கைகளை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"கடைசியா ஒரு பாட்டுக் கேட்டானாமே? பொண்ணு சொன்னா. அதை நான் கேக்கணும்பா."

"வேணாம்மா. அது இங்கிலீஷ் பாட்டு."

"என் பிள்ளை கேட்ட பாட்டு. புரியாட்டி என்ன?"

அக்கா ஃபோனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தாள். யாரிடமோ கேட்டுத் தேடிப் பிடித்திருக்கிறாள். அம்மாவோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று தானும் கேட்காமலே வைத்திருந்தாள். ஃபோனைக் கட்டிலில் வைத்து அழுத்தினாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அவன் கைகளை மட்டும் விடவில்லை.

சைரன் அலறியது. துப்பாக்கிச் சத்தம். யாரோ சிரித்தான்.

ஆயிரம் தடவை கேட்ட சிரிப்பு. பெயின்ட் அறையில் மாஸ்க்குக்குள் அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். இப்போது அந்தச் சின்ன அறையில், அந்தப் படத்துக்குக் கீழே, அதைக் கேட்கச் சகிக்கவில்லை. குரல் ஆரம்பித்தது. உன்னைச் சாய்ப்பேன், உன் வீட்டில் அழ வைப்பேன் என்கிற அந்த வரிகளில் அவனுக்கு ஒன்றுகூடத் தப்பாது. அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் துப்பாக்கி புரிந்தது. கண்ணைத் திறந்தாள்.

"சாகப் போற பிள்ளை இதையாப்பா கேட்டான்?"

"நிறுத்துங்க சிஸ்டர்," என்றான் பெயிண்டர். அக்கா நிறுத்தினாள்.

"அம்மா, நான் அங்க இல்ல."

"என்ன?"

"நான் அன்னிக்கு அங்க இல்லம்மா. அந்தக் கடையில வேலை பார்த்தேன், அது நிஜம். அன்னிக்கு வரல. எனக்குப் பொன்னுக்கு வீங்கி."

வேறு எங்கே சொல்லியிருந்தாலும் யாராவது சிரித்திருப்பார்கள். அந்த வார்த்தை அங்கே விழுந்து அப்படியே கிடந்தது. அம்மா அவனுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு, உடையக்கூடிய எதையோ கீழே வைக்கிற மாதிரி, அவற்றைத் தன் மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"அப்ப அவன்கூட யாரு இருந்தா?"

"தெரியாதும்மா."

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

பாட்டு வாதத்தில் ஜெயிப்பதற்கு என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னான். திக்கித் திணறி, இரண்டு பாட்டு, பட்டறை, டீ நேரம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல, பைத்தியக்காரன் பேச்சு மாதிரி அவனுக்கே இருந்தது. அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா கத்தவில்லை. "இத்தனை வருஷம் அவன் ரோட்டுல தனியா கெடந்து செத்தான்னு அழுதுட்டு இருந்தோம். இந்த ஒரு வாரம் அப்படி இல்லன்னு இருந்துச்சு. அம்மா நல்லாத் தூங்கினாங்க. இப்ப அவனை நீங்க மறுபடியும் தனியாப் போட்டுட்டீங்க."

"ஒண்ணு மட்டும் நிஜம் சிஸ்டர். அவன் கடைக்கு வருவான். என்கூடப் பேசுவான். அவனுக்குப் பிடிச்சது இந்தப் பாட்டு இல்ல, இன்னொண்ணு. படிக்கட்டுல உக்காந்து…"

"இதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். பாதி வழியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே காய்கறிப் பையோடு ஏறி வந்த யாரோ, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கேன்," என்றான். அதுவும் பொய்தான்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வர மாட்டாள் என்று நினைத்தான். அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. டீ வந்ததும் அவன் உட்காரவில்லை. நின்றபடியே, பின்னறைக்கும் கேட்கிற மாதிரி, "அந்தத் தண்ணி வண்டிப் பையன் கதை பொய். நான் அங்க இல்ல. அவன் எதுவும் சொல்லல. எல்லாம் நான் கட்டினது," என்றான்.

டிங்கர் டீயை உறிஞ்சினான். மச்சான் தரையைப் பார்த்தபடி, "தெரியும் மாமா," என்றான்.

"என்ன தெரியும்?"

"எங்க அக்கா என்கிட்ட எப்பவோ சொல்லிட்டா, நீங்க அன்னிக்குப் பொன்னுக்கு வீங்கியோட படுத்திருந்தீங்கன்னு. இவங்க எல்லாருக்கும் தெரியும்."

"பின்ன ஏன்டா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"நல்லா சொல்லுவீங்கல்ல," என்றான் டிங்கர். "அதான் கேட்டோம்."

இத்தனை வருஷமாகக் குரலைத் தாழ்த்தியதும், கிளாஸைக் கீழே வைத்ததும், கண் கலங்கியதும், அவ்வளவையும் இவர்கள் ஒரு வேடிக்கையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பெயிண்டருக்குக் காது மடல்கள் சுட்டன. அவன் பேச ஆரம்பித்தபோதே மெஷின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அக்கா வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் பெயிண்டரைப் பார்க்கவில்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா? அன்னிக்கு நான் இங்க தரையில உக்காந்து கேட்டப்போ, எல்லாரும் தெரிஞ்சுதான் நின்னீங்களா?"

டிங்கர் கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். பெரிய உடம்புக்காரன், அன்றைக்குத்தான் சின்னதாகத் தெரிந்தான். மச்சான் ஒயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு, வேலையே இல்லாத ஒரு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அக்கா உள்ளே போனாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதற்கப்புறம் அந்த ஷெட்டில் எந்தப் பாட்டு உசத்தி என்று யாரும் பேசவில்லை. ஸ்பீக்கரில் ரேடியோ ஓடியது. செய்தி வந்தால் செய்தி, விளம்பரம் வந்தால் விளம்பரம். தீர்ப்பு என்கிற பெயரும் தானாகவே ஒழிந்துபோயிற்று. டிங்கர் ஒரு நாள் அக்காவின் மெஷினுக்கு ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலை, கேட்காமலே பற்றவைத்துக் கொடுத்தான். அவள் "சரி" என்றாள்; அவ்வளவுதான். பெயிண்டரை அவள் அதன்பிறகு அண்ணா என்று கூப்பிட்டதில்லை. சீட் தயார் என்று சொல்ல வேண்டியிருந்தால் "பெயிண்டர்" என்பாள். அவனும் சிஸ்டர் என்று சொல்வதை விட்டுவிட்டான். எந்த உரிமையில் சொல்வது?

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள், ஈரத்தில் பெயின்ட் அடிக்க முடியாமல் அவன் சும்மா ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா பெயின்ட் அறைத் திரைக்கு வெளியே வந்து நின்றாள்.

"அவன் கடைக்கு வருவான்னு சொன்னீங்களே. அது நிஜமா?"

"நிஜம்."

"என்ன பேசுவான்?"

பெயிண்டர் யோசித்தான். சொல்வதற்கு வாயில் எத்தனையோ வந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தான்.

"வெயிலைத் திட்டுவான். ஃபேன் கீழ வந்து நிப்பான். ஒரு தடவை பாட்டுக்காக என்கூடச் சண்டை போட்டான். கேனைத் தோள்ல வச்சுக்கிட்டே பேசினான், இறக்கல."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவானா?"

"ஞாபகம் இல்ல."

"அம்மாவைப் பத்தி?"

"ஞாபகம் இல்ல."

"சிரிப்பானா?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். சிரித்திருப்பான், அந்த வயசுப் பையன் சிரிக்காமலா இருப்பான்? ஆனால் பார்த்ததாக நினைவுக்கு வரவில்லை.

"அதுவும் ஞாபகம் இல்லங்க."

அக்கா மழையைப் பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனாள். பெயிண்டர் கழுவி முடித்த கன்னையே மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தான்.